ஆச்சு என்று சொன்ன அக்கா

அந்த அக்கா வீட்டுக்கு விருந்தாளி என்று ஒருத்தர் வந்து நான் பார்த்ததே இல்லை. என் தையல் மெஷின் கிடப்பது ஜன்னலோரம். எதிர்வீட்டு கேட்டை யார் தொட்டாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் மேலூர் ரோட்டுப் பரோட்டாக் கடையில் கேட்டால், அக்கா வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது ஊரிலிருந்து ஆள் வருவதாகத்தான் சொல்வார்கள். "எட்டுப் பரோட்டா, ரெண்டு ஆம்லெட்டு, சால்னாவைத் தனியா கட்டுங்கண்ணே. ஊர்ல இருந்து ஆளு வந்திருக்கு" என்று கடைக்காரர் கேட்காமலே அக்கா சொல்வாராம். என் வீட்டுக்காரர் ஒருநாள் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுவிட்டு வந்து, "எதுத்த வீட்டுக்கு யாரு வந்திருக்கா?" என்றார். "ஒரு ஈ காக்கா வரலையே" என்றேன். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். சிரித்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் இந்தத் தெருவை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. பேரை எழுதவில்லை. ஒத்தக்கடையில் எங்கள் காலனிக்காரர்களுக்கு யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்கு அக்கா என்பதே போதும்.

மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமச் சர்ச்சுகளில் ஆராதனை நடத்தும் உபதேசியாராக இருந்தவரின் மகள். நல்ல உயரம், அதற்கு மேல் நல்ல கனம். காலையில் எட்டேகாலுக்கு கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாரென்றால் தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். சும்மா நிற்க மாட்டார். ஒரு வீட்டுச் செம்பருத்தியைப் பார்ப்பது போல நிற்பார், இன்னொரு வீட்டுக் குழந்தையிடம் ஹோம்வொர்க் எழுதியாச்சா என்று கேட்பது போல நிற்பார். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் ஒருத்தர் நினைத்துவிடக் கூடாது. அந்தக் குழந்தைக்கு எல்.கே.ஜி.தான், ஹோம்வொர்க்கே கிடையாது.

எழுத்து அவருக்கு அச்சடித்தது மாதிரி. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, மின்சார ஆபீஸுக்குப் புகார், எதுவானாலும் காலனியே அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். பாரத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் படிப்பார். "கட்டத்துக்குள்ள என்ன கேக்குறானோ அதத்தான் எழுதணும். உன் கதைய எழுதக் கூடாது" என்பார். அவர் எழுதிக் கொடுத்த பாரம் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி சாப்டாச்சா என்பதுதான். அது கேள்விகூட இல்லை, வாய் திறக்க ஒரு சாக்கு. காலை பத்து மணிக்கும் கேட்போம், சாயங்காலம் நாலு மணிக்கும் கேட்போம். "இனிமேத்தான்" என்பார்கள், "எங்கத்த, வேலையே ஒழியல" என்பார்கள், அப்படியே பேச்சு ஓடும். அக்காவிடம் மட்டும் ஓடாது.

"சாப்டாச்சாக்கா?"

"ஆச்சு."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும், கதவைச் சாத்துகிற மாதிரி. விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரியில் குடம் வைக்கிறபோது கேட்டாலும் ஆச்சு. ஒருநாள் வேண்டுமென்றே, "அஞ்சரைக்கே என்னக்கா சாப்டீங்க?" என்றேன். "ஆச்சுன்னா ஆச்சு, குடத்த நகட்டு" என்றார்.

வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் சர்ச்சில் அசனம் நடக்கும். சபையாரும் அக்கம்பக்கத்தாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவார்கள். எங்களையும் கூட்டிக்கொண்டு போவார். கையில் கறி வாளியோடு வரிசை வரிசையாக வருவார். முட்டி வலியில் முகம் சுண்டிப் போயிருக்கும், ஆனாலும் வாளியை விட மாட்டார். என் மகளுக்கு நல்லியாகப் பார்த்துப் போடுவார். "நீங்களும் உக்காருங்கக்கா" என்றால், "முதப் பந்தியிலேயே ஆச்சு" என்பார். முதல் பந்தியில் உட்கார்ந்தவளே நான்தான், அவர் எங்கே உட்கார்ந்தார்? என் மகளுக்குச் சடங்கு வைத்தபோதும் அப்படித்தான். காலையிலிருந்து தாம்பூலப் பை போட்டதெல்லாம் அவர். வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தது அவர். கடைசியில் பந்தியைச் சுருட்டும்போது தேடினால் ஆளைக் காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா சோற்றையே மறைத்தார், அத்தனை வருஷம், ஒரு தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

எனக்கும் உடம்பு அளவு கொடுத்ததில்லை. பழைய ஜாக்கெட் ஒன்றைப் பேப்பரில் சுற்றி நீட்டுவார். "இதே அளவுதான். பக்கத்துக்கு ஒரு இஞ்சு மட்டும் விடு" என்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஒரு இஞ்சு. நான் பேசாமல் இரண்டு இஞ்சு விட்டுத் தைப்பேன். போட்டுப் பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்குடி, ஒரு இஞ்சுன்னா ஒரே இஞ்சுதான் உனக்கு" என்று பாராட்டுவார். இருவருமே அதை நம்பியதுபோல இருந்துகொள்வோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து என் மெஷின் மேல் ஒரு சாவியை வைத்தார்.

"என்னக்கா இது?"

"என் வீட்டுச் சாவி, இன்னொண்ணு. காலையில ஆறரைக்குள்ள என் வீட்டு வாசல்ல தண்ணி தெளிச்சிருக்கலைன்னா நீயே தொறந்து வந்து பாரு."

எனக்கு ஊசி கையில் குத்திவிட்டது. அப்புறம்தான் விவரம் சொன்னார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மாட்டுத்தாவணி தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம், செய்யாவிட்டால் தூங்குகிறபோதே ஒருநாள் போய்விட வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார்.

"சாவுக்குப் பயமில்லடி. கர்த்தர் கூப்புட்டா போயிற வேண்டியதுதான். ஆனா வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்புட்டார்னு வையி, திங்கக்கிழமை ஆபீஸ் தொறக்குற வரைக்கும் என்னைய யாரு தேடுவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிற என்னை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லையே என்று கோபம்தான் வந்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கிட வேண்டியதுதான? அதுக்கென்ன யோசனை?"

"அதுக்கு முன்னாடி மனசு டாக்டர் ஒருத்தர் பாக்கணுமாம். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் கத்தியவே எடுப்பாகளாம்."

இதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. கத்திக்குப் பயமில்லை, மயக்க ஊசிக்குப் பயமில்லை. அந்தக் கையெழுத்துக்குத்தான் பயம். "ஏதாவது ஏடாகூடமா எழுதிட்டாகன்னா? புத்தி சரியில்லன்னு ஒரு காகிதம் ஆபீஸுக்குப் போச்சுன்னா முடிஞ்சது. இருபத்தெட்டு வருச சர்வீசு" என்றார். ஆஸ்பத்திரிக் காகிதம் எதற்கு ஆபீஸுக்குப் போகப்போகிறது என்று நான் சொன்னது காதில் ஏறவேயில்லை.

அக்காவுக்குத் தெரிந்த ஒரே வழி, கட்டத்துக்குள் சரியான விடையை எழுதுவது. போனில் தேடி, அந்த டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதினார். கேள்வி சிவப்பு மையில், பதில் நீல மையில், கீழே அடிக்கோடு. மூன்று வாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து என் எதிரில் ஸ்டூலில் உட்காருவார். டாக்டராக நான் நடிக்க வேண்டும். இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்து வாசிப்பேன்.

"கவலையா இருந்தா நெறையச் சாப்பிடுவீங்களா?"

"இல்லை டாக்டர். கவலை வந்தால் ஜெபம் செய்வேன்."

"தனியா இருக்கும்போது சாப்பாட்டு மேல ஆசை வருமா?"

"இல்லை டாக்டர். புத்தகம் வாசிப்பேன்."

"ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கப் சாதம், காய்கறி. இரவு இரண்டு சப்பாத்தி."

"ஏக்கா, இம்புட்டுத்தான் சாப்பிடுறீங்கன்னா எதுக்கு ஆபரேஷன்னு அந்தம்மா கேக்க மாட்டாங்களா?" என்றேன். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அது பிறவிக் குணம். அக்கா நோட்டை என் கையிலிருந்து பிடுங்கினார். "நீ டாக்டரா, வக்கீலா? எழுதிருக்கறத மட்டும் வாசி." அடுத்த நாள் மறுபடியும் வந்தார். இரண்டு சப்பாத்தி மூன்றாக மாறியிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம், "எட்டு மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிரணும், காலையில பச்சத் தண்ணியோட போகணும்" என்றார். ஆமாம், எந்த டெஸ்ட்டானாலும் வெறும் வயிற்றில் போவதுதானே நல்லது என்று நானும் தலையாட்டினேன். சர்க்கரைக்கு அப்படி, கொழுப்புக்கு அப்படி, ஸ்கேனுக்கு அப்படி. மனசுக்கு மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது? துணைக்குப் போகிறவள் தின்றுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது என்று நானும் பட்டினி கிடந்தேன். இரண்டு அறிவாளிகள் ஆட்டோவில் ஏறினோம்.

பதினொரு மணி என்று சொன்னது ஒரு மணிக்கு வந்தது. அக்கா நோட்டை மடியில் வைத்து உதடு அசையப் படித்துக்கொண்டேயிருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியில் உட்கார்ந்தேன். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, கதவைத் திறந்து அந்த டாக்டரம்மாவே என்னைக் கூப்பிட்டார். சின்னப் பெண்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். "அவங்களுக்கு என்ன பண்ணுது பாருங்க. சாப்டீங்களான்னு கேட்டேன், ஆச்சுன்னாங்க. ஆனா கை இப்படி நடுங்குது" என்றார்.

அக்கா முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் காலையில் மறக்காமல் போட்டிருக்கிறார்.

"எப்பம்மா சாப்டீங்க?"

"ஆச்சு டாக்டர்."

"ஆச்சு இல்ல டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. நானும்தான். டெஸ்ட்டுன்னாங்களேன்னு வெறும் வயித்தோட வந்துட்டோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மனசப் பாக்க வெறும் வயித்துல யாரும்மா வரச் சொன்னா?" என்றார்.

நர்ஸ் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அக்கா தம்ளரைக் கையில் எடுத்தார். எங்களைப் பார்த்தார். திரும்பவும் மேஜையில் வைத்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்களேன். நான் குடிச்சுக்கிறேன்."

உயிர் போகிற நேரத்தில்கூட இதுவா என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "மயக்கம் வர்ற ஆளைத் தனியா விட முடியாதும்மா. நாங்க வேணா திரும்பிக்கிறோம்" என்று சொல்லி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நானும் சுவரைப் பார்த்து நின்றேன். வெள்ளைச் சுவர், ஒரு காலண்டர், ஒரு ஆணி. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. கவரைப் பிரிக்கிற சத்தம். அப்புறம் பிஸ்கட் கடிக்கிற சத்தம், ஒன்று, இரண்டு, வேகவேகமாக, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி. பன்னிரண்டு வருஷத்தில் அவர் சாப்பிடுவதை முதல்முதலாகக் காதால் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை.

நடுக்கம் நின்ற பிறகு டாக்டரம்மா கேட்டார், "இவங்க இருக்கட்டுமா, வெளிய போகட்டுமா?"

"இருக்கட்டும்" என்றார் அக்கா.

"சரி. அந்த நோட்ட மூடி வச்சிருங்க. எப்ப இருந்து மத்தவங்க முன்னாடி சாப்பிடறதில்ல?"

அக்கா நோட்டை மூடினார். அதற்குப் பிறகு பேசிய பேச்சு அதில் எந்தப் பக்கத்திலும் இல்லாதது.

"எங்கப்பா உபதேசியாரு டாக்டர். சபையில எல்லாமே கூலி வேலைக்குப் போறவுக. வீடு சந்திக்கப் போனா, 'சாப்புட்டியா பாப்பா'ன்னு கேப்பாக. இல்லன்னு சொல்லிட்டா அவுக பிள்ளைக்கு வச்சிருக்க கஞ்சிய எடுத்துத் தந்துருவாக. அதனால எந்த வீட்லயும் கை நனைக்கக் கூடாது, கேட்டா ஆச்சுன்னு சொல்லணும்னு அப்பா சொல்லி வச்சிருந்தாரு. வயித்துக்குள்ள தீயா எரியும். ஆச்சும்பேன். வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு, பானையில கெடக்கறத நின்னுக்கிட்டே அள்ளித் திம்பேன்."

"அது சின்ன வயசுல. பெரியவங்களானப்புறம்?"

"பெரிய ஆளானப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டேன். ஆபீஸ்ல எல்லாரோடயும் உக்காந்து சாப்புட்டிருக்கேன், கல்யாண வீடுகள்ல சாப்புட்டிருக்கேன். அப்புறம் ஒரு பால்காய்ப்பு வீடு. நான் அந்தத் தெருவுக்குப் புதுசு. பந்தியில உக்காந்தேன். வீட்டுக்காரப் பொண்ணு பரிமாறிக்கிட்டே வந்துச்சு. என்னையப் பாத்துட்டு, 'இந்தப் பக்கம் ரெண்டு எலையாப் போடுங்கப்பா, அக்காவுக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்'னுச்சு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன் டாக்டர். நல்லாச் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே எலைய மூடிட்டு எந்திருச்சேன். அன்னைக்கோட சரி."

அந்தப் பால்காய்ப்பு என் வீட்டுப் பால்காய்ப்பு. அந்தப் பேச்சு என் பேச்சு. சொன்ன மறுநிமிஷம் மறந்திருப்பேன், அடுத்த ஆளுக்கு ரசம் ஊற்றப் போயிருப்பேன். கொட்டின சொல்லை அள்ள முடியாது என்பார்கள். கொட்டியதே தெரியாமல் நான் பாட்டுக்கு எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டு, சாப்டாச்சாக்கா, சாப்டாச்சாக்கா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யாரு அப்படிச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பேரு எதுக்கு டாக்டர்? நல்ல பிள்ளதான். வாய்தான் முந்திக்கிரும்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை.

டாக்டரம்மா நெடுநேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடினார். "இன்னைக்கு நான் கையெழுத்துப் போடலம்மா."

"பெயிலா டாக்டர்?" அக்காவின் குரல் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"பெயில் இல்ல. தள்ளி வைக்கிறேன். ஆபரேஷன் வயித்தத்தான் சின்னதாக்கும். ஒளிச்சுச் சாப்பிடுற பழக்கத்த வெட்டி எடுக்க எங்ககிட்டக் கத்தி கிடையாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் கதவச் சாத்திட்டு அவசர அவசரமா அள்ளிப் போட்டீங்கன்னா உயிருக்கே ஆபத்து. ஆறு வாரம் டைம் தாரேன். ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது இன்னொருத்தர் முன்னாடி உக்காந்து, மெதுவா, நெசமாவே எவ்வளவு வேணுமோ அவ்வளவு சாப்பிடுங்க. கூட உக்காந்து சாப்பிட ஆளு இருக்கா?"

நான் தரையைப் பார்த்தேன். யாராவது இருப்பார்கள். சர்ச்சில் இருப்பார்கள், ஆபீஸில் இருப்பார்கள். நானாக மட்டும் இருக்க முடியாது.

"இந்தா, இவ இருக்கா" என்றார் அக்கா.

அன்று சாயங்காலமே வந்தார். சொந்தத் தட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எங்கள் அடுப்படியில் ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். என் மகளும் வீட்டுக்காரரும் அந்த நேரத்தில் அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அக்கா ஒரு கரண்டிச் சோறு போட்டுக்கொண்டு, போதும் என்றார். அடுத்த நாளும் ஒரு கரண்டி. சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் போனவுடன் அவர் அடுப்படி விளக்கு எரியும். ஜன்னல் சாத்தியிருக்கும். எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன்.

நாலாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. சாம்பார்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உடைந்துவிட்டேன். "அக்கா, அன்னைக்குச் சொன்னது நான்தானக்கா."

"தெரியும். சாம்பார ஊத்து."

"என்னைய மன்னிச்சிருங்கக்கா."

அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார். அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "அதெல்லாம் கேக்காத. நீ கேட்டா நான் பரவாயில்லைன்னு சொல்லணும். எனக்குப் பரவாயில்லாம இல்லடி. பன்னெண்டு வருசம். அசனத்துல அத்தன பேருக்குக் கறி ஊத்திட்டு, வீட்டுக்கு வந்து பழைய சோத்துல மோர ஊத்தித் தின்னுருக்கேன். நீ தைச்ச ஜாக்கெட்டுல நீ ரெண்டு இஞ்சு விட்டன்னு தெரியாமலா போட்டேன்? எல்லாம் தெரியும். பரவாயில்லைன்னு மட்டும் என் வாயில வராது." மூச்சு வாங்கியது. செம்பருத்தியைப் பார்க்கிற மாதிரியெல்லாம் நடிக்கவில்லை. நன்றாக, சத்தமாக மூச்சு வாங்கினார். பிறகு, "சோறு பத்தல. இன்னும் ரெண்டு கரண்டி வை" என்றார்.

வைத்தேன். நாற்காலி திரும்பினது திரும்பினபடியே இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், கண் கலங்கக் கலங்க. அன்று அவர் வீட்டு அடுப்படி விளக்கு எரியவில்லை.

ஆறு வாரம் கழித்து அந்த டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை இட்லி தின்றுவிட்டுத்தான் போனோம். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஒன்றரை வருஷத்தில் எடை பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது, சர்ச்சில் மறுபடியும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். ரிட்டயரானதும் தம்பி குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை போன் பண்ணுவார். "பரவாயில்லை" என்று இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எதிர்வீட்டில் இப்போது ஐ.டி.க்காரப் பையன்கள் இருக்கிறார்கள். ஆறு மணியானால் கை தன்னால் ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி அளக்கப் பார்க்கிறது. அம்புட்டுப் பழகிவிட்டது.

எனக்கு அவரை நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கும். மறுநாளிலிருந்து ஆபரேஷனுக்காக வெறும் கஞ்சித் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று உசிலம்பட்டியிலிருந்து என் மாமியாரும் நாத்தனாரும் அவள் பிள்ளைகளும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார்கள். கூடம் நிறைய ஆள். அக்கா கேட் வரைக்கும் வந்து, செருப்புகளைப் பார்த்துவிட்டு நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். கூடத்து நடுவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தோசை வார்த்துக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். நாத்தனார் பிள்ளைகள் தின்கிறதை விட்டுவிட்டு அவரையே பார்த்தன. மாமியார் கண்ணும் அவர் தட்டில்தான் இருந்தது. ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, மூன்றும் முடிந்தது. அக்கா தட்டை மூடவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"ஏடி, இன்னொரு தோச போடு. நல்லா முறுகலா."

கல்லில் மாவை ஊற்றி, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு, முறுகுகிறவரைக்கும் நின்றேன். எடுத்துக்கொண்டு போய் அவர் தட்டில் போட்டேன். அத்தனை பேர் பார்க்க, பிய்த்துக் குழம்பில் தொட்டு, மெதுவாக மென்று சாப்பிட்டார்.